கரும்பிலே பிறந்த எரிபொருள்

நிலத்தின் அடியிலிருந்து இன்று நாம் இறைத்தெடுக்கும் கனிய எண்ணெயும் ஒரு காலத்தில் உயிருள்ள பொருளாகவே இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலிலே வாழ்ந்த நுண்ணிய உயிர்கள் ஞாயிற்றின் ஒளியாற் பெருகி, மடிந்து, சேற்றிலே புதையுண்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி எண்ணெயாயின. எனவே, பெற்றோலை எரிப்பவன் பண்டைய ஞாயிற்றொளியையே எரிக்கின்றான் எனலாம். வயலிலே ஆண்டுதோறும் விளையும் பயிரிலிருந்து எரிபொருளை ஆக்கிக்கொள்பவனோ இவ்வாண்டின் ஒளியையே பயன்படுத்துகின்றான். முன்னவன் முதலை அழித்து உண்பவன். பின்னவன் வருவாயைக்கொண்டு வாழ்பவன். இவ்விருவருள் யாவன் நெடுநாள் நிலைப்பான் என்பதை இல்லறம் நடத்துவோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இங்ஙனமாயின், பயிரிலிருந்து எரிபொருள் பெறும் முறை உலகெங்கும் ஏன் பரவவில்லை? வழி அறியாமையாலா? அன்று. இனிப்புள்ள சாற்றை நொதிக்கவைத்து மதுசாரமாக்கும் கலை மிகப் பழையது. அம்மதுசாரத்தைக்கொண்டு பொறியை இயக்கும் முயற்சியும் ஏறக்குறையப் பொறியின் வயதையே உடையது. தடை வேறோரிடத்தில் இருந்தது. சந்தையில் விலை ஏறினும் இறங்கினும் அதனால் வரும் இழப்பைச் சுமப்பவர் யாவர் என்னும் வினாவே அத்தடையாகும். இவ்வினாவுக்கு விடை காண விழைவோர்க்குப் பிரேசில் நாட்டின் வரலாற்றினும் சிறந்த ஆசிரியன் இல்லை. அவ்வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

பொறியும் மதுசாரமும்

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சாமுவேல் மோரி என்பார் 1826ஆம் ஆண்டிலே உள்ளெரி பொறியொன்றை அமைத்தார். அதற்கு அவர் இட்ட உணவு மதுசாரமும் தேவதாரு மரத்திலிருந்து பெறும் கர்ப்பூரத் தைலமும் கலந்த கலவையாகும். கனிய எண்ணெய்க் கிணறுகள் அமெரிக்காவில் தோண்டப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு முன்னரே இது நிகழ்ந்தது. அந்நாட்டு இல்லங்களில் விளக்கெரித்ததும் பெரும்பாலும் இத்தகைய மதுசாரக் கலவையே. 1862ஆம் ஆண்டிலே, உள்நாட்டுப் போரின் செலவுக்காக மதுசாரத்தின்மீது வரி விதிக்கப்பட்டது. அருந்தும் மதுவுக்கும் எரிக்கும் மதுவுக்கும் வேறுபாடு காட்டாத அவ்வரி விரைவில் பன்மடங்காக ஏறிற்று. விளக்கு மதுசாரம் மறைந்தது; மண்ணெண்ணெய் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எரிபொருளின் தலைவிதியைத் தீர்ப்பதிலே ஆய்வுகூடத்தினும் திறைசேரி வலியது என்பதற்கு இதுவே முதற் சான்று.

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே நடந்த உலகக் கண்காட்சியில், உருடோல்ப் டீசல் கண்ட வகையைச் சேர்ந்த பொறியொன்று நிலக்கடலை எண்ணெயால் இயங்கிக் காட்டிற்று. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையை அங்கேயே எரிபொருளாக்கலாமோ என்று அறியப் பிரெஞ்சு அரசாங்கம் விரும்பியதே அதற்குக் காரணம். 1937ஆம் ஆண்டிலே பெல்சியம் நாட்டு அறிஞர் சவான், தாவர எண்ணெயை மதுசாரத்தோடு வினைப்படுத்தி இளக்கமுடையதாக்கும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டு, அவ்வெரிபொருளைக் கொண்டு பேருந்தொன்று பிரசல்சு நகருக்கும் லூவேன் நகருக்கும் இடையில் ஓடிற்று. ஆயினும், மலிவான கனிய எண்ணெயின் வெள்ளத்திலே இம்முயற்சிகள் யாவும் அமிழ்ந்துபோயின. ஒரு நாட்டில் மட்டும் அவை அமிழவில்லை.

கரும்பின் நாடு

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டிலே பிரேசிலுக்குக் கரும்பைக் கொண்டு சென்றனர். வடகிழக்குக் கரையிலுள்ள பெர்னம்புக்கோ முதலாய பகுதிகள் கரும்புத் தோட்டங்களாயின. ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் அத்தோட்டங்கள் செழித்தன. 1888ஆம் ஆண்டிலேதான் ஆங்கு அடிமை முறை ஒழிந்தது. கரும்பு இனிமை தருவது. அதன் வரலாறோ கசப்பானது என்பதை வாசகர் இவ்விடத்தே மனத்திற் கொள்வாராக.

1920ஆம் ஆண்டுகளிலே தேமல் நோய் பிரேசிலின் கரும்பைப் பெரிதும் அழித்தது. பழைய வகைகளுக்குப் பதிலாகச் சாவகத்திலும் கோயம்புத்தூரிலும் உருவாக்கப்பட்ட புதிய வகைகள் நடப்பட்டன. 1912ஆம் ஆண்டிலே கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலே, பார்பர் என்னும் ஆங்கிலேயரும் அவர்க்குப்பின் தி. சு. வெங்கட்ராமன் அவர்களும், இனிமை மிக்க கரும்பைக் காட்டு நாணலினத்தோடு கலந்து நோய்தாங்கும் வகைகளைத் தோற்றுவித்தனர். ‘கோ’ என்னும் அடையாளமும் ஓர் எண்ணுமே அவற்றின் பெயர். தமிழ் மண்ணிலே பிறந்த இவ்வகைகள் சாவோ பாவுலோவின் செம்மண்ணிலும் வேரூன்றின என்பது நம்மனோர் அறியத்தக்க செய்தியாகும்.

அந்நாளிலே பிரேசிலின் ஆலைகள் எரிபொருளிலும் நாட்டங்கொண்டன. அரசாங்க ஆய்வு நிலையமொன்று 1925ஆம் ஆண்டிலே மதுசாரத்தைக்கொண்டு மோட்டார் வண்டியை ஓட்டிச் சோதித்தது. 1927ஆம் ஆண்டிலே அலகோவாஸ் மாநிலத்துச் செர்ரா கிராண்டி ஆலை, மதுசாரத்தோடு ஈதரைக் கலந்து எரிபொருளாக விற்கத் தொடங்கிற்று. பின்னர் 1929ஆம் ஆண்டின் பெருமந்தம் வந்தது. சீனியின் விலை வீழ்ந்தது. ஆலைகளிலே சீனி மலைபோற் குவிந்தது. எண்ணெய் வாங்கவோ அந்நியச் செலாவணி இல்லை. இவ்விரு துன்பங்களையும் ஒன்றோடொன்று பிணைத்துத் தீர்க்கும் வழியாக, 1931ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் ஜெற்றூலியோ வார்கஸ் அவர்களின் அரசாங்கம் சட்டவாணையொன்றைப் பிறப்பித்தது. இறக்குமதியாகும் பெற்றோலோடு நூற்றுக்கு 5 பங்கு உள்நாட்டு மதுசாரத்தைக் கலத்தல் வேண்டும் என்பதே அது. 1933ஆம் ஆண்டிலே சீனிக்கும் மதுசாரத்துக்கும் உரிய அரச நிறுவகம் ஒன்று தோன்றிற்று. இரண்டாம் உலகப் போரில் செருமனிய நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியபோது, வடகிழக்குப் பகுதிகளிற் சிலவிடத்து இக்கலவை பாதிக்குப் பாதியாகவும் உயர்ந்தது. போர் ஓய்ந்தபின் எண்ணெய் மலிந்தது, மதுசாரமும் பின்னடைந்தது. சந்தையின் தேவைக்கேற்ப ஏறுவதும் இறங்குவதுமே அன்று முதல் அதன் இயல்பாயிற்று.

ஆலையில் நிகழ்வது யாது?

வரலாற்றைத் தொடருமுன், ஆலையினுள்ளே நிகழ்வதைச் சுருங்கக் காண்டல் நன்று. கரும்பைப் பிழிந்த சாற்றிலே மதுவம் என்னும் நுண்ணுயிரை இட்டால், அது சாற்றிலுள்ள வெல்லத்தை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது. 180 கிராம் குளுக்கோசு முற்றாக மாறுமாயின் 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் வாயுவும் கிடைக்கும். நிறையிலே பாதி வாயுவாகப் போயினும், வெல்லத்திலிருந்த ஆற்றலின் மிகப் பெரும்பங்கு மதுசாரத்திலேயே தங்குகின்றது. நொதித்த சாற்றைக் காய்ச்சி வடித்தால் நூற்றுக்கு 95 பங்கு வரை செறிந்த மதுசாரம் பெறலாம். அதற்குமேல் வெறும் வடித்தலால் நீர் பிரியாது. வேறு முறைகளைக் கையாளவேண்டும். நீர் முற்றாக நீக்கிய மதுசாரம் பெற்றோலோடு கலத்தற்குரியது. சிறிது நீர் தங்கிய மதுசாரத்தைத் தனித்தே எரிக்கலாம். ஆனால், அதற்கென அமைத்த பொறி வேண்டும்.

ஒரு தொன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 80 லீற்றர் மதுசாரம் கிடைக்கும். அதனை வடிப்பதற்கு வேண்டும் வெப்பத்தைக் கரும்பின் சக்கையே தருகின்றது என்பது குறிப்பிடத்தக்கது. ஆலைக்கு வேறு விறகும் வேண்டா, நிலக்கரியும் வேண்டா. தன்னை வடிக்கும் நெருப்பையும் தானே சுமந்து வரும் பயிர் கரும்பு. சோளத்திலிருந்து மதுசாரம் ஆக்கும் வட அமெரிக்க ஆலைகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை; அவை பெரும்பாலும் இயற்கை வாயுவை எரித்தே வடிக்கின்றன.

ஆயின், மதுசாரத்துக்கு ஒரு குறையுண்டு. ஒரு லீற்றர் மதுசாரத்தின் ஆற்றல் ஒரு லீற்றர் பெற்றோலினது ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கே. எனவே, அதன் விலை பெற்றோலின் விலையில் நூற்றுக்கு 70 பங்கை விஞ்சுமாயின், வாங்குபவனுக்கு அது நட்டமாகும். இவ்வெண்ணைப் பிரேசில் நாட்டுச் சாரதிகள் யாவரும் அறிவர். இனி வரும் வரலாறு முழுவதும் இவ்வெண்ணைச் சுற்றியே சுழல்கின்றது.

பெருந்திட்டத்தின் எழுச்சி

1973ஆம் ஆண்டின் இறுதியிலே மேற்காசியப் போரையொட்டி எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் நான்கு மடங்காயிற்று. தனக்கு வேண்டிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கை அந்நாளில் பிரேசில் இறக்குமதி செய்தது. அடுத்த ஆண்டு உலகச் சந்தையிலே உச்சத்தை எட்டிய சீனியின் விலை 1975ஆம் ஆண்டிலே சரிந்தது. 1931ஆம் ஆண்டின் இரட்டைத் துன்பம் மீண்டும் வந்து நின்றது எனலாம்.

அப்போது நாட்டை ஆண்டவர் படைத்தளபதியாயிருந்த ஏர்னெஸ்டோ கைசல் ஆவர். சாவோ பாவுலோ மாநிலத்து வான்படை ஆய்வு நிலையத்திலே, உர்பானோ ஸ்ரம்ப் என்னும் பொறியியலாளர் மதுசாரத்தால் மட்டும் இயங்கும் மோட்டார்ப் பொறியை அமைத்துக்கொண்டிருந்தார். 1975ஆம் ஆண்டிலே அந்நிலையத்தைப் பார்வையிட்ட சனாதிபதி அப்பொறியைக் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் தேசிய மதுசாரத் திட்டம் சட்டவாணையாக வெளிவந்தது. நாடெங்கும் பெற்றோலிலே ஐந்திலொரு பங்கு மதுசாரத்தைக் கலத்தல் அதன் முதற் குறிக்கோள். 1976ஆம் ஆண்டிலே மதுசாரத்தால் ஓடும் மூன்று வண்டிகள் பல்லாயிரம் கிலோமீற்றர் தூரம் நாட்டைச் சுற்றி வந்து மக்களின் ஐயத்தைப் போக்கின.

1979ஆம் ஆண்டிலே ஈரான் நாட்டுப் புரட்சியால் எண்ணெய் விலை மறுபடியும் ஏறவே, திட்டம் இரண்டாம் படிக்கு உயர்ந்தது. இனிக் கலப்பது மட்டுமன்று. மதுசாரத்தால் மட்டுமே இயங்கும் வண்டிகளைப் பெருந்தொகையாக ஆக்குவதென அரசாங்கமும் மோட்டார் உற்பத்தியாளரும் உடன்பட்டனர். அவ்வாண்டிலேயே பியட் 147 என்னும் வண்டி அவ்வகையில் முதலாவதாகச் சந்தைக்கு வந்தது. குளிர்காலத்துக் காலைகளில் மதுசாரம் எளிதிற் பற்றாமையால், தொடக்கத்துக்கென ஒரு சிறு பெற்றோற் கலமும் அவ்வண்டிகளிற் பொருத்தப்பட்டது.

இங்கே அரசாங்கம் செய்தவற்றை உற்றுநோக்குதல் வேண்டும். வடிசாலை அமைப்போர்க்குப் பணவீக்கத்தினும் குறைந்த வட்டியில் கடன் வழங்கிற்று. ஆலையிடமிருந்து குறித்த விலைக்கு மதுசாரத்தை வாங்குவதாக உறுதி கூறிற்று. நிலையங்களிலே மதுசாரத்தின் விலை பெற்றோல் விலையில் நூற்றுக்கு 65 பங்கினை விஞ்சாதென வாக்களித்தது. மதுசார வண்டிகளுக்கு வரியைக் குறைத்தது. உழவன், ஆலைக்காரன், சாரதி ஆகிய மூவரும் அஞ்சிய இழப்பையெல்லாம் அரசாங்கம் தன் தோளிலே ஏற்றிக்கொண்டது. பயன் உடனே தெரிந்தது. 1975ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 60 கோடி லீற்றராயிருந்த உற்பத்தி, 1979-80 பருவத்தில் 340 கோடி லீற்றராகவும், 1985-86 பருவத்தில் 1,100 கோடி லீற்றருக்கு மேலாகவும் பெருகிற்று. 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் விற்பனையான புதிய வண்டிகளில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை மதுசார வண்டிகளே. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு நாடு தன் புதிய வண்டிகளின் உணவை மாற்றியது வியக்கத்தக்கதே.

சுமந்தவர் யாவர்?

ஆயினும், அரசாங்கக் கணக்கேட்டில் எழுதப்படாத சுமைகள் இரண்டு இருந்தன. ஒன்றை ஆறுகள் சுமந்தன. ஒரு லீற்றர் மதுசாரம் வடிக்கும்போது 10 முதல் 15 லீற்றர் வரையிலான கழிவுநீர் வெளிப்படுகின்றது. சூடும் புளிப்பும் உடைய அக்கழிவு ஆறுகளிற் கலந்து நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்ச, மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1978ஆம் ஆண்டிலே அதனை ஆற்றில் விடுதல் தடைசெய்யப்பட்டது. அக்கழிவிலே பொற்றாசியம் மிகுந்திருத்தலை அறிந்த ஆலைகள், அதனைக் கரும்பு வயலுக்கே உரநீராகப் பாய்ச்சத் தொடங்கின. நஞ்செனக் கழித்ததே உரமாயிற்று.

மற்றைய சுமையை மனிதர் சுமந்தனர். இரவிலே சமைத்த சோற்றைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் பாரவண்டிகளில் ஏறிச்சென்று, வயலிலே அதனை ஆறியபடி உண்ணும் கூலியாட்களைப் பிரேசில் மக்கள் ‘ஆறிய சோற்றார்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். தோகையை எரித்துக் கரிபடிந்த வயலிலே, வெட்டிய கரும்பின் நிறைக்கேற்ப அவர்கள் கூலி பெற்றனர். 1984ஆம் ஆண்டு மே மாதத்திலே சாவோ பாவுலோ மாநிலத்துக் குவாரிபா என்னும் சிற்றூரில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதுவரை ஒருவர் ஒரே வேளையில் ஐந்து வரிசைக் கரும்பை வெட்டி நடு வரிசையிற் குவிப்பது வழக்கம். ஆலைகள் அதனை ஏழு வரிசையாக்கின. பாரவண்டிகளுக்கு அது வசதி, வெட்டுபவனுக்கோ ஒவ்வொரு சுமையையும் கூடிய தூரம் தூக்கி நடக்கவேண்டியதாயிற்று, கூலி உயரவில்லை. கலகத்தை அடக்கப் படையினர் வந்தனர், உயிரும் பலியாயிற்று. முடிவிலே ஐந்து வரிசை முறை மீண்டது. இரண்டு வரிசைக்காக எழுந்த அக்கிளர்ச்சி, நாட்டின் பெருமையாகப் பேசப்பட்ட எரிபொருளின் உண்மையான விலையை உலகுக்கு உணர்த்திற்று.

நம்பிக்கை குலைந்த நாட்கள்

1986ஆம் ஆண்டிலே உலக எண்ணெய் விலை திடீரென வீழ்ந்தது. மதுசாரத்தை 65 பங்கு என்னும் வரம்பினுள் விற்பதற்கு அரசாங்கம் மேன்மேலும் பொருளை இறைக்கவேண்டியதாயிற்று. திறைசேரியோ கடனால் நலிந்திருந்தது. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு அரசாங்கம் ஆலைகளுக்குக் கொடுக்கும் விலையை உயர்த்தாது இறுக்கிற்று. அவ்வேளையிலே உலகச் சந்தையில் சீனியின் விலை ஏறிற்று. ஆலைக்காரர் கரும்பைச் சீனியாக்கி ஏற்றுமதி செய்வதையே விரும்பினர். கடற்படுக்கையில் எண்ணெய் கண்ட பெற்றோபிராஸ் என்னும் அரச எண்ணெய்க் கூட்டுத்தாபனத்துக்கும் நட்டத்தில் மதுசாரம் விற்பதிலே ஊக்கம் இல்லை. தாங்கி நின்ற தோள் மெல்ல விலகிற்று.

1989ஆம் ஆண்டின் இறுதியில் மதுசாரத்துக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மதுசார வண்டிகள் நாட்டில் இருந்தன. அவற்றுக்குப் பெற்றோல் ஊற்ற இயலாது. நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. மதுசாரம் வழங்கப் பிறந்த நாடு மதுசாரத்தை இறக்குமதி செய்தது. 1990ஆம் ஆண்டிலே மெதனோலையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மதுசாரத்தோடும் சிறிது பெற்றோலோடும் கலந்து விற்றது. அரசாங்கத்தின் வாக்கை நம்பி வண்டி வாங்கியவனே இறுதியில் இழப்பைச் சுமந்தான். அவன் அதனை மறந்தானல்லன். 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மதுசார வண்டியின் விற்பனை நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது. நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து ஒன்றுக்கு வீழப் பத்தாண்டு போதியதாயிற்று. பொறியில் ஒரு குற்றமும் இல்லை, கரும்பிலும் இல்லை, வாக்கிலேதான் குற்றம் நேர்ந்தது.

தெரிவு சாரதியின் கையில்

எனினும் திட்டம் முற்றாக மடிந்ததன்று. பெற்றோலோடு மதுசாரத்தைக் கலக்கும் பழைய விதி நின்று நிலவிற்று. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அக்கலவையை நூற்றுக்கு 22 என வகுத்தது. அதனால் வடிசாலைகள் உயிர்த்திருந்தன. சீனி மதுசார நிறுவகம் 1990ஆம் ஆண்டிலே கலைக்கப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் விலைக் கட்டுப்பாடும் நீங்கிற்று. வயலிலோ அமைதியான முன்னேற்றம் தொடர்ந்தது. சிறந்த கரும்பு வகைகளாலும் வடிமுறைத் திருத்தங்களாலும், ஓர் எக்டேயரிலிருந்து 1975ஆம் ஆண்டளவில் 2,000 லீற்றராயிருந்த மதுசார விளைவு, மூன்று பத்தாண்டுகளில் 6,000 லீற்றரை அணுகிற்று.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே வொல்க்ஸ்வாகன் நிறுவனம் இருவகை எரிபொருளையும் ஏற்கும் வண்டியொன்றைப் பிரேசிலில் விற்பனைக்கு விட்டது. பெற்றோற் கலவை, மதுசாரம், இவ்விரண்டும் எவ்வளவிற் சேர்ந்தாலும் அவ்வண்டி ஏற்றுக்கொள்ளும். புகைக்குழாயிலே எஞ்சும் ஒட்சிசனை அளக்கும் கருவியிலிருந்து, எரிபொருளில் மதுசாரம் எத்துணைப் பங்கு என்பதைப் பொறியின் கணிப்பான் தானே உய்த்துணர்ந்து, எரியூட்டும் வேளையையும் அளவையும் திருத்திக்கொள்கின்றது. மிக எளிதான இக்கருத்தே 1989ஆம் ஆண்டின் புண்ணை ஆற்றிற்று. சாரதி இப்போது நிலையத்திலே நின்று இரு விலைகளையும் நோக்கி, 70 பங்குக் கணக்கைப் போட்டுப் பார்த்து, தான் விரும்பியதை ஊற்றுவான். ஆலைக்காரன் சீனி, மதுசாரம் என்னும் இரண்டுள் இலாபமானதைத் தெரிவான். ஒருவரையொருவர் சிறைப்பிடிக்கும் நிலை ஒழிந்தது. சில ஆண்டுகளுக்குள் விற்பனையாகும் சிறு வண்டிகளில் பத்தில் ஒன்பது இவ்வகையாயின. பெற்றோலோடு கலக்கும் அளவும் 2015ஆம் ஆண்டிலே நூற்றுக்கு 27 ஆகவும், 2025ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் நூற்றுக்கு 30 ஆகவும் உயர்ந்தது.

வயலிலே வெட்டுபவரின் சுமையோ எளிதில் இறங்கவில்லை. 1980ஆம் ஆண்டுகளில் ஒருவர் நாளொன்றுக்கு 6 தொன் அளவில் வெட்டினார். 2000ஆம் ஆண்டுகளில் 10 முதல் 12 தொன் வரை வெட்டவேண்டியதாயிற்று. வெயிலிலே உழைத்துக் களைத்து உயிர்நீத்தோர் பற்றிய செய்திகளும் வெளிவந்தன. கரும்பு வயலை எரிப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சாவோ பாவுலோ மாநிலம் 2002ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றிற்று. 2007ஆம் ஆண்டு உடன்படிக்கை அதன் எல்லையை முன்கொண்டு வந்தது. எரிக்காத வயலைக் கையால் வெட்டுதல் அரிது; எனவே இயந்திரங்கள் வந்தன. கரியும் புகையும் நீங்கின. ஆயின், ஓர் இயந்திரம் எண்பது முதல் நூறு பேரின் வேலையை எடுத்துக்கொண்டது. வருத்திய தொழில் ஒழிந்தது என்று மகிழ்வதா, உண்ட சோறும் ஒழிந்தது என்று வருந்துவதா?

சோறும் நெருப்பும்

பிரேசிலின் வெற்றியைக் கண்ட பிற நாடுகள் அதே வழியைப் பின்பற்ற முனைந்தன. ஐக்கிய அமெரிக்கா 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2022ஆம் ஆண்டுக்குள் 3,600 கோடி கலன் உயிர்த்திணிவு எரிபொருளைப் பயன்படுத்த எண்ணிற்று. சோளத்திலிருந்து மதுசாரம் பெருகிற்று. 2007, 2008ஆம் ஆண்டுகளிலே உலகில் உணவுத் தானியங்களின் விலை ஏறியபோது, ஏழையின் தட்டிலிருந்து எடுத்துச் செல்வனின் வண்டிக்கு ஊட்டுகின்றோமோ என்னும் கேள்வி எழுந்தது. விலையேற்றத்துக்கு வறட்சியும் எண்ணெய் விலையும் காரணங்களாயிருந்தன. ஆயினும், எரிபொருளுக்குச் சென்ற சோளத்துக்கும் அதிற் பங்குண்டு என்பதை அறிஞர் பலர் ஏற்றனர்.

இதற்கு மாற்றாக, உண்ணப்படாத சக்கை, வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றின் செலுலோசைப் பிரித்து வெல்லமாக்கி நொதிக்கவைக்கும் வழியை விஞ்ஞானிகள் நாடினர். அமெரிக்கச் சட்டம் தன் குறிக்கோளில் 1,600 கோடி கலனை இவ்வழியாலேயே எதிர்பார்த்தது. இயற்கையோ எளிதில் இணங்கவில்லை. தண்டை நிமிர்த்தி நிறுத்தும் இலிக்னின் என்னும் பொருள் செலுலோசைக் கவசம்போற் பொதிந்துள்ளது. அதனை உடைத்து உட்புகும் செலவே பெரிது. உடைத்தபின் கிடைக்கும் வெல்லங்களுள் ஒரு பகுதியைச் சாதாரண மதுவம் உண்பதில்லை. ஐயோவா மாநிலத்தில் 2015ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பெரிய ஆலையொன்று 2017ஆம் ஆண்டிலே விற்பனைக்கு விடப்பட்டது. குறித்த ஆண்டு வந்தபோது, எதிர்பார்த்ததில் மிகச் சிறு பங்கே கைகூடியிருந்தது. பிரேசிலின் சில ஆலைகள் கரும்புச் சக்கையைக்கொண்டு இம்முயற்சியைத் தொடர்கின்றன. சக்கை ஏற்கெனவே ஆலை வாயிலில் வந்து கிடத்தல் அவற்றின் நற்பேறு.

வரலாறு தரும் பாடம்

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? பயிரிலிருந்து திரவ எரிபொருள் பெறும் நுட்பம் அரிதன்று. அதனை நிலைநிறுத்தும் ஒழுங்கே அரிது. 1931ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் பிரேசிலை அவ்வழியிற் செலுத்தியது விஞ்ஞான ஆர்வம் மட்டுமன்று. விற்கவியலாத சீனியும் வாங்கவியலாத எண்ணெயுமே. இழப்பு முழுவதையும் அரசாங்கம் சுமந்தபோது திட்டம் விரைந்து வளர்ந்தது; அத்தோள் சலித்தபோது விரைந்தே வீழ்ந்தது. சாரதிமீது இழப்பு விழுந்தபோது அவன் முகந்திருப்பினான். இழப்பை ஏற்கும் வலியும், வேண்டாம் என விலகும் உரிமையும் பலர்க்கும் பகிரப்பட்டபோதே அது நிலைபெற்றது. அப்பகிர்விலே கடைசிவரை இடம்பெறாதவன் கரும்பை வெட்டியவன் ஒருவனே. விலகும் உரிமை அவனுக்கு இருந்ததில்லை. இயந்திரம் அவனை விலக்கிற்று, அது உரிமையன்று.

எண்ணெய்க் கிணறற்ற நாடுகள் பல. அவை தத்தம் மண்ணில் விளைவதைக்கொண்டு எரிபொருளாக்க இனியும் முனையும். அம்முயற்சியில் ஈடுபடும் மாணவர், எத்தனை லீற்றர் கிடைக்கும் என்று கணக்கிடுவதோடு அமையாது, விலை வீழ்ந்த நாளிலே இச்சுமை எவர் தலையில் இறங்கும் என்றும் கணக்கிடுவாராக. முதலாவது கணக்கு இரசாயன நூலில் உள்ளது. இரண்டாவது கணக்கு வரலாற்றில் உள்ளது. அதனைக் கல்லாது விட்ட நாடு, தன் வயலையும் இழந்து வண்டியையும் நிறுத்தி நிற்கும்.